நாலு பேர் வீட்டு மண்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தபோது லிஃப்ட்காரர் முழங்கை வரை பூந்தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் புதைத்த உறை முழுசாகக் கையோடு வந்தது. உதறினார். மண் உதிர்ந்தது, உறைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயில் காட்டிக் கழுவினால் இன்னொரு ரொட்டியைச் சுற்றி வைக்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"வணக்கம் சார், உறை கம்பெனியிலேர்ந்து பேசறேன். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா," என்றார் லிஃப்ட்காரர். அந்த வீட்டில் எல்லாரும் என்றால் அவர் ஒருவர்தான்.

மீதிப் பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் காய்கறிக் கடை வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சோள மாவும் கடற்பாசியும் சேர்த்துச் செய்த உறையாம். கண்ணாடி மாதிரி மெல்லிசு. மிஞ்சிய சாப்பாட்டை அதில் சுற்றி வைக்கலாம். வேலை முடிந்ததும் மண்ணில் புதைத்தால் முப்பது நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும். நூறு வீடுகளில் கொடுத்துப் பரிசோதனை செய்கிறோம், நீங்களும் சேருங்கள் என்று படிவத்தை நீட்டினார்கள்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். படிவத்தில் பெயர் எழுத நாலு கட்டம் இருந்தது. ஐம்பத்திரண்டு வயசு மனுஷன் அத்தனை பேர் முன்னால் "நான் மட்டும்தான்" என்று சொன்னால், மூன்று கட்டம் காலியாக நின்று அவரைப் பார்க்கும். "நாலு," என்றார். ஒரு மனைவி, ஒரு பையன், ஒரு பெண் என்று மளமளவென நிரப்பினார். குடும்பம் நடத்துவது இவ்வளவு சுலபம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

உண்மையில் அந்த உறை அவருக்கென்றே வந்த சாமான்தான். தனி ஆள் சமையலில் எதுவுமே பாதிதான் தீரும். அரைத் தக்காளி, அரை வெங்காயம், கால் எலுமிச்சை என்று அவருடைய ஃபிரிட்ஜ் முழுக்கப் பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அவர் சேர்ந்தது உறைக்காக இல்லை. "செவ்வாய்க்கிழமைதோறும் போனில் விசாரிப்போம்" என்று தாளில் கடைசி வரியாகப் போட்டிருந்தது. அதற்காகத்தான்.

லிஃப்ட்காரருக்கு போன் வராமல் இல்லை. ஒரு நாளைக்கு இருபது வரும். எல்லாமே பழுதான லிஃப்டில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களின் போன். "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கெஞ்சுவார்கள். போய்க் கதவைத் திறந்துவிட்டால் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவரை "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு வந்த ஒரே போன் இந்தப் பத்து மணி போன்தான். அதற்காகச் செவ்வாய்தோறும் அரை நாள் விடுப்பு போட்டார்.

"உறை எப்படி இருக்கு சார்?"

"ம்... அப்படியேதான் இருக்கும்மா." குற்றம் செய்தவர் மாதிரி குரல் இறங்கியது. செய்யாத முயற்சி இல்லை. வெந்நீர் ஊற்றினார். ஆறிப்போன டீயை ஊற்றினார். ஒருவர் வீட்டுக் காய்கறித் தோல் போதவில்லையோ என்று மேல்வீட்டு அம்மாவிடம் போய்த் தோல் கேட்டார். "ஆறு வருஷமா கீழ இருக்கீங்க, முதல் தடவையா படி ஏறி வந்து குப்பையைக் கேக்கறீங்களே!" என்று அந்த அம்மா ஒரு கூடை கொட்டினாள். தொட்டியில் செடிதான் தளதளவென வளர்ந்தது.

"அப்படியே இருக்கா? சரி சார், குறிச்சுக்கறேன்." போன் மேடம் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "பையன் என்ன சொல்றான்?"

"அவன் வால்தனம். ஒரு துண்டைக் கடிச்சுத் தின்னுட்டான்."

"ஐயய்யோ! சாப்பிட வேண்டாம்னு சொல்லுங்க!"

"தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு தாள்ல போட்டிருக்கேம்மா?"

மேடம் தடுமாறினாள். "போட்டிருக்கு... இருந்தாலும் பசங்க சாப்பிட வேண்டாம் சார். அப்புறம், அடுத்த செவ்வாய் ஒரு தடவை கூப்பிடுவேன். அதோட உங்க வீட்டு வேலை முடிஞ்சுடும்."

லிஃப்ட்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு செவ்வாய்! மக்காத உறையை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு யார் போன் செய்வார்கள்?

"மேடம், ஒரு நிமிஷம்! ஓரத்துல லேசா கரைஞ்சிருக்கு. இப்பதான் பார்க்கறேன்."

"கரைஞ்சிருக்கா?" மேடத்தின் குரலே மாறிவிட்டது. "நிஜமாவா சார்? போட்டோ எடுத்து அனுப்பறீங்களா? நான் நாளைக்கே கூப்பிடறேன்."

நாளைக்கே! லிஃப்ட்காரர் கருவிப் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து, அரை மணி நேரம் உறையின் ஓரத்தைத் தேய்த்து, படம் பிடித்து அனுப்பினார்.

புதன்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. "எங்க ஆபீஸ்ல எல்லாரும் அந்தப் போட்டோவையே பார்த்துட்டிருக்காங்க சார். நாளைக்கும் கூப்பிடலாமா?"

"தாராளமாம்மா."

வியாழக்கிழமைக்குள் உப்புத்தாள் கட்டுப்படியாகவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். வெள்ளிக்கிழமை உறையில் பாதி காணோம். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போடப் பயந்து பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினார்.

போன் நீண்டுகொண்டே போனது. தொட்டி எந்த ஜன்னலில் இருக்கிறது, வெயில் எப்போது விழும், யார் தண்ணீர் ஊற்றுவது என்று மேடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் மனைவி ஊற்றுவாள், சாயங்காலம் பெண் ஊற்றுவாள், பையன் ஊற்றுவதாகச் சொல்லி ஏமாற்றுவான். சொல்லச் சொல்ல வீடு கலகலவென்று ஆகிவிட்டது. போனை வைத்த பிறகுதான் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும்.

"உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா சார்?"

"குளிக்கறாங்க."

சனிக்கிழமையும் குளித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் மேடம் கூப்பிட்டாள், அப்போதும் குளியல். திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. அவ்வளவு குளித்தால் கட்டாதா என்ன!

அன்றைக்குத்தான் அவர் கடைசித் துண்டையும் டப்பாவில் போட்டார். "முழுசா போயிடுச்சும்மா. மண்ணுதான் இருக்கு."

மேடம் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பிறகு மெதுவாக, "சார், தொட்டியை யாரும் தொட வேண்டாம். நாளைக்கு எங்க டைரக்டரோட நேர்லயே வர்றோம்," என்றாள்.

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட மூன்று பேர் குறைகிறார்களே! சாயங்காலமே கடைக்கு ஓடினார். மூன்று டூத் பிரஷ், மூன்று துண்டு, மூன்று தட்டு, மூன்று ஜோடிச் செருப்பு. செருப்புக் கடைக்காரர், "பசங்களுக்கு என்ன அளவு சார்?" என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார். கடைசியில், "வளர்ற பசங்க, நீங்களே பார்த்துப் போடுங்க," என்றார்.

இரவு படுக்கப் போகுமுன் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். வாசலில் நாலு ஜோடிச் செருப்பு. பொய்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்து வைக்க மனசு வராது போலிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு போன் அடிக்கவில்லை, கதவு மணி அடித்தது.

டைரக்டர் கையுறை போட்டுக்கொண்டே நுழைந்தார். பின்னால் வந்த மேடம் குரலைவிடச் சின்னவளாக இருந்தாள். அவளுக்கும் பின்னால் வேன் டிரைவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார்.

"வீட்ல எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க," என்று லிஃப்ட்காரர் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். டைரக்டர் தலையை மட்டும் ஆட்டினார். நாலு தட்டையும் பார்க்கவில்லை, நாலு துண்டையும் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் தொட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு அம்மா திறந்த கதவு வழியாக வந்து நின்றாள். "மோட்டாரை நிறுத்தக் கூடாதா? மாடியில தண்ணி வழியுது!"

டைரக்டர் முகம் மலர்ந்து எழுந்தார். "வாங்கம்மா, கல்யாணத்துலேர்ந்து வந்துட்டீங்களா? இந்தத் தொட்டியில நீங்க தினமும் என்ன ஊத்தறீங்க?"

"இவர் தொட்டியில நான் எதுக்கு ஊத்தணும்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"சரிம்மா, கோபப்படாதீங்க. வீடுன்னா நாலும் இருக்கும்," என்று டைரக்டர் சமாதானம் சொன்னார்.

"காய்த் தோல் கேட்டார், குடுத்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள!" என்று அந்த அம்மா படி ஏறினாள். டைரக்டர் "காய்த் தோல்" என்று குறித்துக்கொண்டு இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

மேடம் மட்டும் வீட்டைப் பார்த்தாள். வாசல் செருப்பில் மூன்று ஜோடியின் அடியில் தூசி இல்லை. குழாயடியில் மூன்று பிரஷ் உறை பிரிக்காமல் இருந்தது. அதைக் குறிப்பில் எழுதாமல் நோட்டை மூடினாள்.

"தொட்டியை நாங்க எடுத்துட்டுப் போறோம் சார். இனிமே எல்லாம் லேப்ல பார்த்துப்பாங்க. நான் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா," என்றார் லிஃப்ட்காரர்.

"வீட்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லுங்க சார்," என்றுவிட்டு அவள் போனாள்.

கதவு சாத்திக்கொண்டதும் வீடு பழையபடி ஆனது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது. லிஃப்ட்காரர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தப் பொய்யால் நாலு பேர் வருவார்கள் என்று பார்த்தால், வாரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த குரலும் போய்விட்டதே! மனசு பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லித் திட்டாவது வாங்கிக்கொள்வோம், திட்டுவதற்காவது யாராவது நாலு வார்த்தை பேசுவார்கள் என்று பரணிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவரின் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

தெருவில் டைரக்டர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். மேடம் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்கதவருகே டிரைவர் தொட்டியைப் பச்சைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தொட்டி மண்ணுக்கு ஏங்க இவ்வளவு பாடு?" என்று லிஃப்ட்காரர் மூச்சிரைக்கக் கேட்டார்.

டிரைவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு விஷயமே தெரியாதா சார்? உங்களுக்குக் குடுத்தது சோள உறையே இல்ல. சாதா பிளாஸ்டிக். நானூறு வருஷம் ஆனாலும் மக்காது. அது உங்க மண்ணுல ஒரே வாரத்துல காணாமப் போயிருக்குன்னா, ஐயா ஏன் குதிக்க மாட்டாரு?"

லிஃப்ட்காரர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "எனக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக்?"

"உங்களுக்கு மட்டும் இல்ல சார், குடும்பமா இருக்கற வீட்டுக்கெல்லாம் அதான், ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு. அவங்களுக்கு போன்ல விசாரிச்சா போதும்." டிரைவர் கடைசி முடிச்சை இறுக்கினார். "அசல் உறை தனியா இருக்கறவங்களுக்குன்னே செஞ்சது. அந்த வீட்டுக்கெல்லாம் போன் கிடையாது சார். வாராவாரம் மேடமே நேர்ல போய், ஒரு மணி நேரம் உக்காந்து, டீ குடிச்சுப் பேசிட்டுத்தான் வருவாங்க."