எதுக்கு அண்ணனும் பதினோரு பக்கச் செட்டும்

வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதற்கென்றே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காடு பஜாரில் இருக்கிறார். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'எதுக்கு அண்ணன்'.

ஆதாரை நீட்டினால் மிஷினைத் தொடமாட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "எதுக்கு?" என்பார்.

"சும்மா ஒரு காப்பி இருக்கட்டும்னுதாண்ணா."

"சும்மா இருக்கறதுக்கு ஒரிஜினலே இருக்குதே. அது போதும், போ."

சரியான காரணம் சொல்லி நகல் வாங்கிவிட்டாலும் விடமாட்டார். நீலப் பேனாவால் அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதித்தான் கொடுப்பார். கோடு பெரும்பாலும் ஆளின் மூக்கு வழியாகப் போகும். முகமே தெரியவில்லை என்று ஒரு ஆபீசில் திருப்பி அனுப்பியதற்கு, "மூஞ்சி தெரிலன்னா ஆளையே அனுப்பறேன், பாத்துக்கோன்னு சொல்லு" என்று பதில் சொல்லி அனுப்பினார். ஒருமுறை பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஆதார் நகல் கேட்டார்கள். இவர் அதில் 'இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும்' என்று எழுதிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கடைக்கே வந்து சண்டை போட்டார். பெண்ணின் அம்மா அதை பிரேம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தாராம்.

மிஷினில் சிக்கிக் கசங்கிய தாள்களை அவர் குப்பையில் போட்டதே இல்லை. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கூழாகும்வரை பிசைந்து, அதற்குப் பிறகும் சந்தேகத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை வரைக்கும்.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எனக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. திடீரென்று, அடுத்த மாதத்திலிருந்து காலை ஆறு மணி ஷிஃப்ட் என்றார்கள். எங்கள் ஊர் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. மீஞ்சூரில் வீடு கிடைத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தனியாக வீடு எடுத்துத் தங்குவதற்கு நைனா ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் வலையைப் பிரித்துக்கொண்டே, "உனக்கு வெவரம் இருக்குது. பாத்துக்குவ" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஆன்லைனில் வீடு தேட ஆரம்பித்தேன்.

மீஞ்சூர் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், டைல்ஸ் போட்ட பாத்ரூமோடு ஒரு வீடு போட்டோவில் பளபளத்தது. ஓனர் வெளிமாநிலத்தில் உத்தியோகமாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வரிக்கும் என்னை 'மேடம்' என்றார். நான் கேட்காமலே தன்னுடைய ஆதாரை அனுப்பினார். வழுக்கைத் தலையும் சாதுவான முகமுமாக ஒரு பெரியவர். பிறகு போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு என்னுடையதையும் அப்பாவுடையதையும் கேட்டார். ஸ்கேன் எடுக்க எதுக்கு அண்ணன் கடைக்குப் போனேன்.

"எதுக்கு?"

"மீஞ்சூர்ல வூடு பாத்துக்கினு கீறேண்ணா. ஹவுஸ் ஓனருக்கு அனுப்பணும்."

"அந்தாள பாத்தியா?"

"போன்ல பேசிருக்கேன்."

"வூட்ட?"

"போட்டோல பாத்தேன்."

அண்ணன் எழுந்து போய் மிஷின் ஸ்விட்சை அணைத்தார். "கரண்ட் இல்ல" என்றார். அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குப் போய்த் தரையில் எல்லாவற்றையும் பரப்பி நானே போட்டோ எடுத்தேன். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு ஒரு 'செட்' இருக்கும். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கும் புயல் நிவாரணத்துக்கும் கொடுத்துக் கொடுத்துப் பழகிய செட். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், மீனவர் அட்டை, போட்டுப் பதிவு என்று நீளும். ஏதாவது ஒரு தாள் குறைந்தாலும் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி பொன்னேரிக்கு பஸ் ஏறவேண்டும். அதனால் யார் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் முழுச் செட்டையும் கொடுத்துவிடுவது எங்கள் ரத்தத்தில் ஊறிய வழக்கம். அவர் கேட்டது இரண்டு ஆதார். நான் அனுப்பியது பதினோரு பக்கம், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் உட்பட.

ஓனர் இரண்டு கைகளைக் கூப்பிய படம் ஒன்றை அனுப்பினார். மறுநாள் அந்த எண் அணைந்துகிடந்தது. விளம்பரத்தையும் காணவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம் இரண்டு வாரம் விடவில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். நைனா சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருப்பார், எனக்கு வாசலில் போலீஸ் நிற்பதுபோல் தோன்றும். அவர் பெயரில் சிம் வாங்கியிருப்பானா, கடன் வாங்கியிருப்பானா என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று. சொல்லிவிடலாம் என்று பல தடவை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'உனக்கு வெவரம் இருக்குது' என்ற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

என் வார விடுமுறை நாளில், பயந்தது வீடு தேடி வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் என் வயதுப் பெண் ஒருத்தியும் அவள் அண்ணனும் வந்து இறங்கினார்கள். பின்னால் ஒரு பெட்டி, ஒரு வாளி, ஒரு கேஸ் அடுப்பு. நைனாவின் முழுப் பெயரைச் சொல்லி வழி விசாரித்திருக்கிறார்கள். மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள்.

"ஹவுஸ் ஓனர் இருக்காருங்களா? மீஞ்சூர் வீட்டுச் சாவி வாங்க வந்தோம். போன் போகலை, அதான் ஆதார்ல இருந்த அட்ரசுக்கே வந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண். அம்மா எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் போனை நீட்டினாள். அதில் நைனாவின் ஆதார்.

"எங்க வூட்டுக்காரு மூஞ்சி உன் போன்ல இன்னா பண்ணுது?" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணின் அண்ணன் குரலை உயர்த்தினான். டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறீர்களா, போலீசைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தான். நைனா கடலில் இருந்தார். பத்தரைக்குக் கரைக்கு வருவார். ஒன்றும் அறியாத மனிதர் போட்டிலிருந்து இறங்கும்போது கரையில் போலீஸ் நிற்கும். அவனிடம், "ஒரு அரை மணி நேரம் குடுங்கண்ணா" என்று கெஞ்சிவிட்டு, பக்கத்து வீட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் பறந்தேன்.

எதுக்கு அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவுமே கேட்கவில்லை. அனுப்பியதைக் காட்டச் சொன்னார். பதினோரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். 'உனக்கு வெவரம் இருக்குது' என்ற நைனாவிடம் எப்படிச் சொல்வேன் என்று அவரிடம் அழுதேன். பிறகு, வாடிக்கையாளர்கள் நின்றிருக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் என் பின்னால் ஏறிக்கொண்டார்.

வந்தவர்களை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போனார். நான் செட்டை அனுப்பிய கதையை ஒளிக்காமல் சொன்னார். "நீயும் அவனுக்கு உன் ஆதார் அனுப்பிச்சியாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"அப்ப நாளைக்கு உன் மூஞ்சிய காட்டி வேற யாருக்கோ வூடு வாடகைக்கு வுடுவான். அவங்க பெட்டியத் தூக்கிக்கினு உன் வூட்டாண்ட வருவாங்க."

அவள் அண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். எனக்கு அப்போதுதான் என் போனில் இருந்த வழுக்கைத் தலைப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் எந்த ஊரில், யார் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாரோ?

இதற்குள் போட்டுகள் கரையேற ஆரம்பித்தன. பாதிக் குப்பமும் வேடிக்கை பார்க்க மணலில் நின்றது. நைனா இறங்கியதும் அண்ணனைப் பார்த்து, "இன்னா எதுக்கு, அதிசயமா கடல் பக்கம் வந்துக்கிற? மீன் வேணுமா?" என்றார்.

நான் சொல்லத்தான் போனேன். அதற்குள் அண்ணன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"இல்லப்பா. என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. போன வாட்டி நிவாரணத்துக்கு உன் செட்ட எடுத்தேன்ல. அதுல ஒண்ண கோடு போடாம மிஷின்மேலயே வுட்டுட்டேன். எவனோ எத்துக்கினு போயி, உன் மூஞ்சிய வெச்சு வூடு வாடகைக்கு வுட்டுக்கினு கீறான். வா, புகார் குடுத்துட்டு வந்துடலாம்."

யாரோ ஒருவர், "எங்கள எல்லாம் எதுக்கு எதுக்குன்னு கேட்டு சாவடிச்சியே, கடைசீல உன் மிஷின்லர்ந்தா போச்சு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வார்த்தை வரவில்லை. வராமல் போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதுதான் கேவலம்.

புகாரில் மட்டும் நடந்ததை நடந்தபடியே எழுதினார். அந்தப் பெண்ணின் புகாரையும் அவரே எழுதினார். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு நைனாவை மரியாதையாகவே அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா என்னிடம், "நீ வெவரமா இருந்து இன்னா பிரயோஜனம், அவன் கோடு போடாம வுட்டானே" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் மூலமாக மீஞ்சூரில் ஒரு வீட்டை நேரில் பார்த்துக் குடிபோனேன். குப்பத்து ஜனங்கள் ஒரு வருடத்துக்கு அண்ணன் கடைப் பக்கமே போகவில்லை. 'அந்தாளு மிஷின்ல போட்டா திருட்டுப்போவும்' என்று பொன்னேரிக்குப் போய் நகல் எடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "ஜனங்க பயப்படறது நல்லதுதாம்மா" என்று சொல்லிவிட்டு, காலிக் கடையில் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுதுவது எதுவானாலும் அம்மா அதை நைனாவுக்கு வரி விடாமல் படித்துக் காட்டுவாள். இதையும் காட்டுவாள். நைனா, அன்னிக்கு உன் செட்ட அனுப்பிச்சது நான்தான். என்னை எவ்ளோ வேணா திட்டு. திட்டி முடிச்சதும் பஜாருக்குப் போயி, அந்த அண்ணன ஒரு நாளு நம்ம வூட்டுக்குச் சாப்புட இட்டுக்கினு வா.