உட்கார்ந்தபடி ஆடலாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாலு பேர் கூடி ஆடட்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அனுமதி கேட்கப் போனார்.

தொழில், கல்யாண வீடுகளில் பாட்டுப் போடுவது. டி.ஜே. என்று கார்டு அடித்துக் கொடுத்தாலும் ஜனங்களுக்கு அவர் மைக்செட்காரர்தான். மாப்பிள்ளையின் மாமா கேட்ட பாட்டை, பெண்ணின் சித்தப்பா சொன்ன சத்தத்தில் போட்டுப் போட்டுத் தலை நரைத்துவிட்டது. பழைய சினிமாப் பாட்டுக்கு அடியில் டிரம்ஸ், அதன் வாலைப் பிடித்து ஒரு தாலாட்டு, தாலாட்டு தூங்குமுன் கிளாரினெட் என்று தன் இஷ்டத்துக்குக் கலந்தடிக்க வேண்டும், அதற்கு ஜனம் தன்னை மறந்து ஆடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாவம், அவருக்கு வேறு ஆசையே கிடையாது. மச்சினரின் துணிக்கடைக்குக் கீழே வழவழவென்று ஒரு கூடமும் பிடித்துவிட்டார்.

அதிகாரி முகம் மலர வரவேற்றார். "நல்ல காரியம். நாற்காலி எத்தனை?"

"நாற்காலியே இல்லைங்க சார். ஆடுற இடம்."

"அப்ப கொள்ளளவு பூஜ்யம். ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள், அதான் விதி. நீங்க தாராளமா நடத்தலாம். யாரும் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான்."

"சரிங்க, நாற்காலி போடறேன். எல்லாரும் எழுந்து ஆடட்டும்."

"எழுந்தா நாற்காலி காலி. காலி நாற்காலிக்கு இன்னொரு ஆள் வரலாம். அவரும் எழுந்தா? யோசிச்சுப் பாருங்க, ஊரே உள்ளே வந்துடும்!" அதிகாரிக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது.

"அப்ப எப்படி சார் ஆடறது?"

"ஆடறதை விதி தடுக்கவே இல்லையே! உட்கார்ந்து ஆடுங்க."

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுட்டுப் பேசாம வந்தீங்களா? சரி, முதல்ல ஆரம்பிங்க. நிக்கறதுக்கு அப்புறம் மனு போட்டுக்கலாம்."

முதல் வெள்ளிக்கிழமை. நாற்காலிகளைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அது மேற்படி அதிகாரியின் உத்தரவு. ஜனம் வந்தது, பார்த்தது, திருதிருவென்று விழித்தது. ஆனால் புரியவில்லை என்று யார் முதலில் சொல்வது? கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு இளைஞன், "ஓ, சிட்டிங்கா! வெளிநாட்டுல இப்ப இதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தோளைக் குலுக்கினான். போதாதா? கூடம் முழுக்கத் தோள் குலுங்கியது.

அப்புறம் என்ன, ஊரே பைத்தியமாயிற்று. உடற்பயிற்சிக் கூடங்களில் உட்கார்ந்து ஆட வகுப்பு நடத்தினார்கள். அனுமதியே கேட்காமல் ஜனங்களை நின்று ஆடவிட்டிருந்த மற்ற கூடங்களும் நாற்காலி வாங்கின. ஒரு அம்மாளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அவள் மாட்டிய கழுத்துப்பட்டையைப் பார்த்து, சுளுக்காதவர்களும் உடுப்புக்கு ஏற்ற நிறத்தில் பட்டை மாட்டிக்கொண்டார்கள்.

மைக்செட்காரருக்கு மட்டும் வயிறு எரிந்தது. கிளாரினெட் உச்சத்துக்குப் போகும்போது பொறுக்க முடியாமல், "எழுந்திருங்கய்யா! ஒருத்தராவது எழுந்திருங்கய்யா!" என்று மைக்கில் கத்தினார். அதுவும் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நடையாய் நடந்து, மனு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் வாங்கிவிட்டார். ஊர் முழுவதற்கும் பொது உத்தரவு: பொதுமக்கள் இனி நின்றே ஆட வேண்டும், நாற்காலிகள் அப்புறப்படுத்தப்பட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் நெஞ்சைக் கொட்டிப் பாட்டைக் கலந்தார். ஜனம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"நாற்காலி இல்லாம எப்படிங்க ஆடறது?" என்றாள் பட்டைக்கார அம்மாள்.

"நின்னுக்கிட்டா? கல்யாண வீட்டு ஆட்டம் மாதிரி இருக்கு," என்று கறுப்புக் கண்ணாடி கிளம்பினான். பின்னாலேயே கூடம் காலியானது.

"போங்க, பழையபடியே கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி.

மறுநாள் அதிகாரி முன்னால் போய் நின்றார். "நின்னு ஆடறதுக்கு இருந்த பழைய தடையையே திரும்பக் கொடுத்துடுங்க சார்."

"தடையா? அதுக்குத் தனி அனுமதி வேணும். வெளியே வரிசையில உட்காருங்க. கூப்பிடுவாங்க."

வெளியே நீள வரிசையாக நாற்காலிகள். ஊரிலுள்ள எல்லா நடனக்கூடக்காரர்களும் தடை கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவருக்கும் ஒரு இடம் கிடைத்தது. அப்போது யாருடைய போனோ அடித்தது. நல்ல தாளம். டிரம்ஸ், அதன் மேல் குழல், எவனோ பிரமாதமாகக் கலந்திருந்தான். வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மைக்செட்காரருக்கு இத்தனை காலத்து ஏக்கமும் முழங்காலுக்கு வந்துவிட்டது. சட்டென்று எழுந்தார்.

பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்ன சார் பண்றீங்க? எழுந்தா இடம் போயிடும்!"

திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ஆள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

உட்கார்ந்துவிட்டார். தோளை மட்டும் குலுக்கினார்.