பூவரசங் கிண்ணமும் ஒரு சொட்டுத் திருத்தமும்

இவரை உங்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் ஒருவர் இருப்பார். தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கெட்டவர் அல்லர். சோம்பேறியும் அல்லர். கோள் சொல்லமாட்டார், குடிக்கமாட்டார், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வாய் திறக்கமாட்டார். அவரிடம் ஒரேயொரு பழக்கம்தான் உண்டு. முடிந்த வேலையை முடிந்தது என்று விட அவரால் முடியாது. "எல்லாம் சரி, ஒரு சொட்டு மட்டும்..." என்று தொடங்குவார். அந்த ஒரு சொட்டில் வள்ளமே மூழ்கிப்போகும். வசதிக்காக இந்த இனத்துக்கு ஒருசொட்டர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒருசொட்டரை அடையாளம் காண்பது எளிது. அவர் வீட்டுச் சுவரில் சாமிப்படம் ஒன்று தொங்கும். அதைச் சுற்றி, அது முன்பு தொங்கிய ஆணித் துளைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஊர் வாட்ஸப் குழுவில் அவர் அனுதாபச் செய்தி போட்டால், போட்டு, அழித்து, ஒரு காற்புள்ளியை மாற்றிப் போட்டு, மறுபடி அழித்து, "துயரம்" நல்லதா "பெருந்துயரம்" நல்லதா என்று யோசித்து மீண்டும் போடுவதற்குள், நீக்கப்பட்ட செய்திகளின் வரிசையைக் கண்ட லண்டன்காரர்கள் ஊரில் ஒரு குடும்பமே போய்விட்டதென்று பதறித் தொலைபேசி எடுப்பார்கள். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் வழியில் குறிகட்டுவான் துறையில் குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார். "நீர் ஒரு சொட்டு இடப்பக்கம் வாரும்" என்பார். "இல்லை, பழையபடி நில்லும்" என்பார். படம் மிக நன்றாக வரும். பின்னால் படகு போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் தீவுப்பக்கத்துக் கரம்பொன்னில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தம்பிஐயா. அரசாங்கத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் நேர்கோடு கீறிச் சம்பளம் வாங்கியவர். கனடாவில் இருக்கும் மகன் பிரதாபன், அப்பா சும்மா இருந்தால் வீட்டையே திருத்தத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில், மரம் கடையும் யந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பின்வளவுக் கொட்டிலில் அது சுழலும். சுழலும் மரத்தில் உளியை வைத்தால் சீவல் சுருள்சுருளாகப் பறக்கும். மரத்தில் கோடு வெட்டி, அதற்குள் பித்தளைக் கம்பியைத் தட்டிப் பதித்து, மேலே ஒருமுறை உளியை ஓட்டினால் மரமும் பித்தளையும் ஒரே வழவழப்பாக மின்னும். வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்திலுள்ள எல்லாத் தொழில்களிலும் ஒருசொட்டர் தொடக்கூடாத தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஏன்? கடிதத்தில் வெட்டிய சொல்லைத் திருப்பி எழுதலாம். கறியில் புளி கூடினால் தேங்காய்ப்பால் விடலாம். கடைந்த மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். இதைப் பிரதாபன் யோசிக்கவில்லை.

இனி வேலிக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கதை எதுவும் வேலிக்கு வராமல் போகாது.

தம்பிஐயாவின் மனைவி நாகபூசணி. அவருடைய அக்கா அன்னபூரணம் அடுத்த வளவில் இருக்கிறார். ஒரே காணிதான் இரண்டு சீதனமாகப் பிரிந்தது; நடுவில் பனையோலை வேலி. வேலிக்கு அக்காவின் பக்கத்தில் ஒரு பூவரசு நின்றது. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கோடு பார்க்கக் கயிறு பிடிப்பவர் தம்பிஐயா. ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் வேலி நெளிந்திருப்பதாக அவர் கண்ணுக்குப் படும். ஒரு சொட்டு நேராக்குவார். மறுவருடம் இன்னொரு சொட்டு. இப்படி நேராக்க நேராக்க, பூவரசு நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசையாமலே ஒருநாள் தங்கச்சியின் பக்கத்துக்கு வந்துவிட்டது. அன்று அன்னபூரணம் தன் முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஒரு சொல் சொன்னார்: "வேலிக் கள்ளன்."

அதோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சகோதரிகள் இருவரும் கோயிலில் ஒருவரையொருவர் காணாதமாதிரிக் கும்பிடப் பழகிக்கொண்டார்கள். தம்பிஐயாவுக்கு அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அவருக்குக் காணியில் துளியும் ஆசை இல்லை. கோடு நேராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதை வெளியில் சொல்லலாமா? சொன்னால் யார் நம்புவார்? யாழ்ப்பாணத்தில் ஒருவர் வேலியை நகர்த்திவிட்டு, அழகுக்காக நகர்த்தினேன் என்றால், கேட்பவர் காணி வழக்குப் பேசும் பிரக்கராசியின் முகவரியைத்தான் கொடுப்பார். ஆகவே அவர் வாய் திறக்கவில்லை. நாகபூசணியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரை அதிகம் சுட்டது.

போன கார்த்திகைப் புயல் பூவரசைச் சாய்த்தது. சாய்ந்த மரம் வேலியையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் விழுந்தது. அடிமரம் உளுத்துப்போயிருந்தது, கொப்புகள் விறகாயின, தேறியது நடுவில் ஒரேயொரு குற்றி. வேலியை எழுப்ப இரு வீட்டாரும் முன்வரவில்லை. எழுப்புவதென்றால் எங்கே எழுப்புவது?

அப்படியிருக்கும்போது ஒருநாள் அன்னபூரணம் வந்தார். வேலியில்லாத வெளியால் பத்து எட்டில் வந்திருக்கலாம். வரவில்லை, தெருவால் சுற்றி, படலையைத் திறந்து, முறையாக வந்தார். கையில் மகளின் கலியாண அழைப்பிதழ்.

"சயந்தினிக்கு முற்றாகியிருக்கு. மாப்பிள்ளை இறுப்பிட்டிப் பக்கம். எல்லாரும் வந்து நிண்டு செய்து தரவேணும்," என்று கதிரையின் நுனியில் இருந்தபடி அலுமாரியைப் பார்த்துச் சொன்னார்.

நாகபூசணிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னார்.

"அக்கா, வாசல் மேசைக்குக் கற்கண்டுக் கிண்ணம் நாங்கள் தாறம். அந்தப் பூவரசிலயே இவர் கடைஞ்சு, பித்தளை பதிச்சுத் தருவார்."

அன்னபூரணம் தேநீரைக் கீழே வைத்தார். "எங்கட பூவரசிலயோ?"

"ஓம் அக்கா. எங்கட பூவரசிலதான்."

இவ்வளவு காலமும் இரு பக்கமும் "என்ர" என்று சண்டைபிடித்த மரம் அது. குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பிஐயாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்தக் கிண்ணம் மட்டும் சரியாக வந்துவிட்டால் பெண்சாதிக்கு அக்கா திரும்பக் கிடைப்பார், அந்தச் சொல்லும் தன்னை விட்டுப் போகும் என்று நினைத்தார். சரியாக வந்துவிட்டால். அந்த இரண்டு சொல்லில்தான் வினை இருந்தது.

கிண்ணம் வந்தது. மெய்யாகவே வந்தது. சோற்றுப் பானை அளவு, செம்பழுப்பு நிறம், இடுப்பைச் சுற்றிப் பித்தளைக் கொடி, கொடியில் பித்தளை இலை. நாகபூசணி கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இது காணும். இனித் தொடாதேங்கோ."

"ஓம் ஓம். விளிம்பில ஒரு சொட்டு மட்டும்."

நியாயமாகப் பேசவேண்டும். மரம் இன்னும் முழுதாகக் காயவில்லை. கடல்காற்று பட்டு விளிம்பு ஒரு மயிரிழை கோணியிருந்தது உண்மை. அதைக் காண ஊரில் இரண்டு கண்தான் உண்டு. இரண்டும் அவர் முகத்தில் இருந்தன. கிண்ணம் யந்திரத்துக்குத் திரும்பிப் போனது. விளிம்பை எடுக்க வயிறு பருத்துத் தெரிந்தது. வயிற்றை எடுக்கப் பித்தளை இலைகள் பாதி போயின. பாதி இலையோடு கொடி நிற்கலாமா, அதையும் எடுத்துவிட்டு மூன்று வளையம் பதித்தார். வளையத்துக்குப் பொருத்தமாக அடியை ஒடுக்கினார். அடி ஒடுங்கக் கழுத்து நீண்டது. மறுநாள் காலையில் பார்த்தால், காற்றுக்கு மரம் இன்னொரு மயிரிழை கோணியிருந்தது.

"என்னப்பா இது? இதுக்குள்ள எவ்வளவு கற்கண்டு பிடிக்கும்?" என்றார் நாகபூசணி.

"இப்ப ஆர் கற்கண்டு தின்னுகினம்? எல்லாருக்கும் சீனி வருத்தம். இதைச் சந்தனத்துக்கு வைப்பம்."

ஒருசொட்டரிடம் எதற்கும் காரணம் இருக்கும். அதுவும் நல்ல காரணமாக இருக்கும். உங்களால் மறுத்துப் பேச முடியாது. கண்முன்னே பொருள் சிறுத்துக்கொண்டு போவதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

சந்தனக் கிண்ணத்துக்கு மூடி இருந்தால் அழகு என்று பட்டது. மூடி செய்தார். இறுக்கமாக இருந்தது, மூடியில் ஒரு சொட்டு எடுத்தார். தளர்ந்துபோனது; புதிதாகச் சின்ன மூடி ஒன்று செய்து, அதற்கு ஏற்றபடி வாயில் ஒரு சொட்டு எடுத்தார். வாய் சிறுத்ததால் உடம்பு, உடம்பு சிறுத்ததால் வளையம். மூன்று வளையம் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. கலியாணத்துக்கு முதல்நாள் நாகபூசணி கொட்டிலுக்குள் வந்தபோது, கணவர் முழங்கால் அளவு சீவலுக்குள் நின்று, உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் ஏதோ ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குங்குமச் சிமிழ்," என்றார் தம்பிஐயா. குரல் இறங்கியிருந்தது. "இப்பதான் சரியாய் வந்திருக்கு. அடியில ஒரு சொட்டு..."

நாகபூசணி யந்திரத்தின் வயரைப் பிடுங்கினார். சிமிழை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்தார். அன்றிரவு அவர் அழுததைத் தம்பிஐயா கேட்டார்.

கலியாண மண்டப வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை. பன்னீர்ச் செம்பு ஒரு பக்கம், சந்தனம் மறுபக்கம், நடுவில் ஒரு பெரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பக்கத்தில் பிரிக்காத கற்கண்டுப் பைகள். "எங்கட பூவரசில தங்கச்சி கிண்ணம் கொண்டுவாறா" என்று அன்னபூரணம் இறுப்பிட்டிச் சம்பந்திமாருக்கெல்லாம் முன்னமே சொல்லிவைத்திருந்தார். அவர்களும் பார்க்கக் கூடிவிட்டார்கள்.

பொதியை அன்னபூரணம் தன் கையால் பிரித்தார். சிமிழை எடுத்தார். அது அழகாகத்தான் இருந்தது. ஒரு குறை சொல்ல ஆளில்லை. அதை மேசையின் நடுவில், அந்தப் பெரிய இடத்தில் வைத்தார். இடம் அப்படியே இருந்தது.

"முழு மரத்தில எனக்கு இவ்வளவோ, பூசணி?"

சம்பந்திமார் மின்விசிறியைப் பார்த்தார்கள். பழைய சொல் திரும்பவும் வரப்போகிறது, இந்தமுறை சபையில், என்று தம்பிஐயாவுக்குத் தெரிந்தது. "மச்சாள், மரம் காயேக்க ஒரு சொட்டு..." என்று தொடங்கினார்.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ," என்றார் நாகபூசணி. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நான் ஒண்டையும் எடுத்து வைக்கேல்ல அக்கா. முதல் சோத்துப் பானை மாதிரித்தான் வந்தது. பித்தளைக் கொடியெல்லாம் போட்டு. விளிம்பு சரியில்லை எண்டார். பிறகு சந்தனத்துக்கு எண்டார். பிறகு மூடி எண்டார். மிச்சமெல்லாம் கொட்டிலுக்குள்ள சீவலாய்க் கிடக்கு, வந்து பாருங்கோ. நேற்று நான் பூட்டி வைக்காட்டி இதுவும் இல்லை."

அன்னபூரணம் தம்பிஐயாவைப் பார்த்தார். கணக்குத் தீர்க்கிற பார்வைதான். ஆனால் அந்த நேரத்திலும் தம்பிஐயாவின் வலக்கை, உடையவருக்கே தெரியாமல், பன்னீர்ச் செம்பை மேசை விளிம்புக்கு நேராக மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. அன்னபூரணம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"தம்பிஐயா," என்றார். "அந்த வேலியும் இப்பிடித்தானோ?"

"ஓம் மச்சாள்." அவர் செம்பிலிருந்து கையை எடுத்தார். "நெளிஞ்சு கிடந்தது. நேராக்கினனான். வேறை ஒண்டுமில்லை."

அன்னபூரணம் சிமிழைத் திரும்ப எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, உள்ளங்கையில் வைத்து நிறைபார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது.

"இந்த மனிசனையே நான் கள்ளன் எண்டனான், பூசணி? கள்ளன் எண்டால் கடைசியில கையில ஏதும் மிஞ்சியிருக்க வேணுமே."

நாகபூசணி அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கற்கண்டை யாரோ ஓர் எவர்சில்வர் தட்டத்தில் கொட்டினார்கள். சயந்தினியின் நெற்றிக்குக் குங்குமம் அந்தச் சிமிழிலிருந்துதான் போனது. தை பிறந்ததும் புது வேலி அடைப்பதென்று சகோதரிகள் அங்கேயே முடிவெடுத்தார்கள். கயிறு யார் பிடித்தாலும் தம்பிஐயா பிடிக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

தம்பிஐயாவைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் ஒன்று இருக்கக்கூடும்: தொடங்கும்போது பெரிதாக இருந்து, நீங்கள் நல்லதாக்க நல்லதாக்கச் சிறுத்துப்போனது. ஒரு வீட்டுத் திட்டமாக இருக்கலாம். ஒரு சிநேகிதமாக இருக்கலாம். உட்காருவதிலிருந்து உச்சரிப்புவரை நீங்கள் திருத்தி எடுத்ததில், இப்போது உங்கள் முன்னால் வாயே திறக்காத ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்கிறீர்களா? உங்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.