ஓடிபிக்காக இசக்கிபாண்டி பொருத பெரும்போர்

வாழ்க இசக்கிபாண்டி! நாங்குநேரிச் சீமையிலே பிறந்து, ஒரகடத்துத் தொழிற்சாலையிலே கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் திண்தோள் வீரன். தேநீர் இடைவேளைதோறும் கைப்பேசியெனும் வாளை உருவி, கிரிப்டோக் களம் புகுந்து, வாங்கியும் விற்றும், விற்றதையே மறுபடி வாங்கியும் வாகை சூடியவன். சூடிய வாகை அடுத்த இடைவேளைக்குள் வாடக் கண்டும் கலங்காதவன். அவன் புகழ் பிள்ளைப்பாக்கம் முதல் மறைமலை நகர் ஈறாகப் பரவுக!

அத்தகையோனும் ஒருநாள் அஞ்சினான். 'காயின் விற்றீர், கணக்குக் காட்டுவீர், தவறின் அபராதம்' என்று வருமான வரித்துறையின் ஓலை மின்னஞ்சலில் வந்திறங்கியதே காரணம். இடியுண்ட நாகமென ஒடுங்கியவன், ரிட்டர்ன் போடுவதற்குரிய கடைசி நாளில், ஷிஃப்டு முடிந்த கையோடு, கூட்டுரோட்டில் பிரௌசிங் சென்டர் நடத்தும் சசிரேகாவின் கோட்டைக்குள் புகுந்தான்.

ஊரார் ஆதாரில் உள்ள பிழையெல்லாம் களைந்த அவ்வணங்கு, கண்சிவந்து முழங்கினாள்: "இன்னாப்பா இது? எப்ப வாங்குன, எப்ப வித்தன்னு ஒண்ணுகூட எழுதி வெச்சிக்கலியா?"

"மனசுல வச்சிருக்கேன்க்கா."

"மனச அப்லோடு பண்ண முடியாதுப்பா."

வேறு வழியின்றிக் கிரிப்டோ செயலியிலிருந்து பழைய வரவுசெலவையெல்லாம் இறக்கினான். இறங்கியதோ, வரிசை வரிசையாய், அணி அணியாய், திரை கொள்ளாத பெரும்படை! வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என ஒவ்வொரு வரியையும் சசிரேகா விசைப்பலகையால் வெட்டிச் சாய்க்க, கடைசியில் சட்டமெனும் மதயானை எதிர்ப்பட்டது.

"ஒரு காயின்ல வந்த லாபத்துக்கு முப்பது பர்சண்ட் கட்டணும். இன்னொண்ணுல வுட்டத அதுல கழிக்க முடியாது."

"மொத்தத்துல எனக்கு நட்டம்லாக்கா!"

"அத கவர்மெண்டாண்ட சொல்லு."

நெஞ்சில் வேல் தைத்தவனாய் வரியைக் கட்டினான். எஞ்சியது ஒரே வாயில். அதைத் திறக்கும் ஓடிபி இல்லையேல் போட்ட ரிட்டர்ன் செல்லாது. அதுவோ, அவன் ஆதாரில் பதிந்த பழைய எண்ணுக்கு, அதாவது ஊரிலிருக்கும் தாய் அன்னக்கிளியின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தான்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காவ. நீ யாருலே?" என்றாள் அந்த அசையாக் காவலரண்.

"எம்மா, நான் இசக்கிபாண்டிம்மா! இன்கம்டாக்ஸ் கட்டுதேன்."

"எம்மவனுக்கு ஏதுலே அம்புட்டு வருமானம்? போன வைலே, களவாணிப் பயலே!"

கடையே செவிசாய்த்து நின்றது. ஓடிபி காலாவதியாகும் கணம் பகைவர் தேரென உருண்டு வந்தது. ஓராண்டாய்க் காத்த பொய்க்கோட்டையைத் தன் கையாலேயே இடித்தான் வீரன்.

"கெடா வித்த காச பேங்குல போட்டேன்னு சொன்னேம்லா? போடலம்மா. காயின் வாங்குனேன்."

"என்ன காயினுலே?"

"நாய்ப் படம் போட்ட காயினும்மா. எல்லாம் போச்சு."

ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினே நின்றது.

"கெடாவ வித்து நாய வாங்குனியா? இந்தக் கிறுக்குத்தனத்த எம்மவனத் தவிர எவனும் செய்யமாட்டான். நீதாம்லே அவன். எழுதிக்கோ."

ஒவ்வோர் எண்ணாய் அவள் உரைக்க, சசிரேகா அடிக்க, வாயில் திறக்க, திரையில் பச்சை ஒளி பரவ, காத்திருந்தோர் கைதட்ட, விண்ணும் மண்ணும் அதிர வென்றான் இசக்கிபாண்டி!

தீபாவளி வரைக்கும் அம்மா அவனோடு பேசவில்லை.