நான்காவது கோழியின் இடது இறக்கை

கோழிகள் பன்னிரண்டையும் நோயாளிகள் என்று அறிவித்துவிடுவது. பல் துலக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

முப்பது வருஷம் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்கு ரத்தம் பார்த்தவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அவருக்கு யாரும் இல்லை என்று. மனைவி இருந்தாள், ஆனால் கொல்லைப்புறக் கோழிக்கூண்டில் இருந்தாள். நாலு மணிக்கு ஒரு முக்காலியோடு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். கோழிகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்: டீச்சர், பெரிய நாத்தனார், சம்பந்தியம்மா. அவர்களிடம் பேசுவாள். சிரிப்பாள். அவரிடம் வந்தால் ஒரே வாக்கியம்: "சாப்பாடு மேஜையில இருக்கு."

அவர் சமையலறை ஜன்னலில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்பார். எதற்கு என்று தெரியாத சிரிப்பு.

திட்டம் எளிமையானது. ஒரு கோழியின் ரத்தத்தில் தொற்றுநோய்க் கிருமி தெரிந்தாலும் கூட்டம் முழுவதையும் அகற்ற வேண்டும். ஊரெல்லாம் அவரே சொல்லிவந்த விதி. கூண்டு காலியாகும். அழுவாள். ஆறுதல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

கொல்லைப்புறத்தில் மேஜை போட்டார். வெள்ளைத் தட்டு, ஊசி, ஊதா மருந்து.

"எதுக்குங்க திடீர்னு?"

"ஒரு முன்னெச்சரிக்கைதான். ஒவ்வொண்ணாக் கொண்டு வா."

அவள் ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவர் இறக்கையைத் தூக்கி, இறகை விலக்கி, நரம்பில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைத் தட்டில் மருந்தோடு கலந்து ஆட்டினார். நோய் இருந்தால் ஊதாத் துகள்கள் திரிந்த பால் மாதிரி பிரியும். பிரியவில்லை.

"சுத்தம்," என்றார். எடுத்த எடுப்பிலேயே பொய் சொன்னால் நம்பமாட்டாள்.

இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதும். நான்காவது வந்தது. தட்டை ஆட்டினார். மருந்து வழவழவென்று அப்படியே இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"வந்துடுச்சு."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதுக்குப் பழகின கண்ணு வேணும்."

"அப்படியா?"

"மனசைத் தேத்திக்கோ. எல்லாத்தையும் அனுப்பித்தான் ஆகணும். நான் இருக்கேன் இல்ல?"

அவள் அழவில்லை. கோழியின் தலையைத் தடவினாள்.

"இது யாருன்னு தெரியுதா?"

"நாலாவது கோழி."

"டீச்சர். முதல்ல வந்ததும் டீச்சர்தான். அப்ப வலது இறக்கையக் காட்டினேன், இப்ப இடது. அஞ்சு நிமிஷத்துல எங்கேர்ந்துங்க கிருமி வந்துச்சு?"

அவர் கோழியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கோழிகளின் இறக்கைக்கு அடியில் பார்த்திருக்கிறார். ஒன்றின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. டீச்சர் அவரை ஒரு கண்ணால் பார்த்தது, வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல.

"சந்தேகம் எப்படி வந்துச்சு?" என்றார் மெதுவாக.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டும் நீங்க ஒரு உதவி பண்ணினதில்ல. இன்னைக்குக் கேக்காமயே மேஜை தூக்கிட்டு வந்தீங்க."

அவர் ஊசியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நீ அதுங்ககிட்டத்தான் பேசற," என்றார் கடைசியில். "எங்கிட்டப் பேசறதில்ல."

அவள் டீச்சரின் கலைந்த இறகை நீவிவிட்டாள்.

"நீங்க பண்ணை பண்ணையாப் போயிட்டிருந்தீங்க. யார்கிட்டயாவது சொல்லணும் இல்ல? அப்படியே பழகிடுச்சு." கோழியை இறக்கி விட்டாள். "நாளைக்கு நீங்களும் வாங்க."

மறுநாள் நாலு மணிக்கு அவர் தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனார். உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தாள். அவள் பெரிய நாத்தனாரிடம் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். சம்பந்தியம்மாவிடம் தூரத்திலிருக்கும் மகள் போனில் சொன்னதைப் பற்றி. முழங்கால் வலி அவருக்குப் புதுச் செய்தி. மகள் விஷயமும்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று நெஞ்சுவரை வந்தது. தொண்டையைச் செருமினார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கு முன்னாடி இன்னும் பத்துப் பேர் இருக்காங்க."