நாற்பத்தொன்பது பேரில் ஒருவன் எழுதுவது

சிந்தாதிரிப்பேட்டை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஏகாம்பரத்துக்கு, உன் அக்கா தேவானையின் வீட்டுக்காரன் கபாலி எழுதிக்கொள்வது. என் முட்டிவலியும் உன் சர்க்கரையும் ஏறாமல் இறங்காமல் இருக்கவும், உன் மகள் புதுப்பெண் ஜானு மாப்பிள்ளையோடு சந்தோஷமாக வாழவும் சாமியை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தி.நகர் மண்டபத்தில் ஜானு ரிசப்ஷனுக்குப் பன்னீர் தெளிக்க என்னை வாசலில் நிறுத்தியது யார்? நீதான். வந்த சனத்துக்கெல்லாம் சந்தனம் நீட்டி, கல்கண்டு கொடுத்து, "சாப்ட்டுத்தான் போவணும்" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிவிட்டு, கடைசியாக நான் பந்திக்குப் போனால் அங்கே இலையும் இல்லை, சோறும் இல்லை. பரிமாறுகிறவன் துண்டை உதறிக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சிச்சு பெரியவரே, பீடா மட்டும் கீது" என்கிறான். சோறே தின்னாதவன் பீடாவைப் போட்டு எதைச் செரிக்க வைப்பது? எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே பசியோடு நிற்கிறது. எல்லாவற்றையும் நான்தான் தின்று தீர்த்தேன் என்பது மாதிரி என்னையே பார்க்கிறது. உன் அக்கா கெட்டிக்காரி, முதல் பந்தியிலேயே புகுந்துவிட்டாள்.

தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற உன் பிள்ளை சாய்சரணைப் பிடித்தேன்.

"இன்னா நைனா, சாப்பாடு எங்க?"

"வர்றேன்னு சொன்னவங்க நானூத்தி நாப்பத்தொம்பது பேர் மாமா. சமையல்காரர் நூறு நூறாத்தான் ஆர்டர் எடுப்பாரு. அதான் பக்கத்து நூறுக்கு ரவுண்டு பண்ணிட்டேன்."

"பக்கத்து நூறுன்னா ஐந்நூறுதான?"

"இல்ல மாமா. பத்தோட இடத்தப் பாக்கணும். அங்க நாலு இருக்கு. அஞ்சுக்குக் கம்மியா இருந்தா கீழ இறக்கிடணும். நானூறு."

"அப்ப மீதி நாப்பத்தொம்பது பேரு?"

"சைபர் ஆயிடுவாங்க மாமா."

நல்லாக் கேட்டுக்கோ மச்சான். உன் அக்கா கழுத்தில் தாலி கட்டின நான் சைபர். ஸ்கூலில் வாத்தியார் என்னை முட்டை என்றுதான் கூப்பிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கூட மத்தியானம் சோறு போட்டுவிட்டுத்தான் சொன்னார்.

சரி, கணக்கையே பேசுவோம். அந்த எண்ணில் இரண்டு நாலு இருக்கிறது. முன்னால் உட்கார்ந்த நாலுக்கு நானூறு மதிப்பாம், அவனை யாரும் தொடக்கூடாதாம். நடுவில் உட்கார்ந்த நாலுக்கு நாற்பதுதானாம், எழுந்து போ என்கிறார்கள். கடைசியில் ஒன்பது என்று ஒருத்தன், ரெண்டு பேரையும் விடப் பெரியவன், அவனை என்னவென்று கேட்கக்கூட நாதி இல்லை. உட்காரும் இடத்தை வைத்து மரியாதை. உன் சம்பந்தி முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தார், அவருக்கு ரெண்டு வடை. நான் வாசலில் நின்றேன், எனக்கு பீடா.

இதைக் கேட்டால் உனக்கு இன்னும் வயிறு எரியும். இன்னும் ஒரே ஒருத்தர் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நானூத்தி அம்பது. பத்தோட இடத்தில் அஞ்சு வந்துவிடும், ஐந்நூறு இலை விழுந்திருக்கும். அந்த ஒருத்தர் யாரு? உன் பக்கத்து வீட்டு உமர் ஃபாரூக் பாய். ஸ்கூட்டர் நிறுத்துற சண்டையில அவருக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன்னு மீசையை முறுக்கினியே, அந்த மீசைதான் நாப்பத்தொம்பது பேரைப் பட்டினி போட்டுது.

நான் சும்மா விடுவேனா? ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோக்காரரை மறிச்சேன். "தலைவா, வந்து ஒரு ஆளா நில்லு, ஐந்நூறு ஆயிடும்"னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "பெருசு, நான் பரோட்டா துன்னுட்டேன். நீ வேணா ஏறு, ஊட்டாண்ட உட்டுட்றேன்"னாரு. திரும்பி வந்து சாய்சரண் கிட்ட ஆளு தேடிக்கினு கீறேன்னு சொன்னா, "ஆர்டர் க்ளோஸ் ஆயிடுச்சு மாமா"ன்னு போனைக் காட்டுறான்.

ஆகவே மச்சான், உன் வீட்டு விசேஷம் எதுக்கும் இனி நான் வர மாட்டேன். அடுத்து சாய்சரண் நிச்சயதார்த்தம்னு கேள்விப்பட்டேன். வர்ற கூட்டத்துல என்னை இப்பவே கழிச்சிடு. அப்புறம் ரவுண்டு பண்ற சிரமம் வேணாம்.

பெரியவங்களுக்கு நமஸ்காரம், சின்னவங்களுக்கு ஆசீர்வாதம், உனக்கு மட்டும் ரெண்டும் கிடையாது.

இப்படிக்கு,
வாசலில் நின்ற
கபாலி

பி.கு.: உன் அக்கா இதைப் படிச்சிட்டு, மீதியையும் எழுதுன்னு தலையில குட்டறா. அன்னிக்கு நம்ம பக்கத்து மண்டபத்துலயும் ஒரு ரிசப்ஷன். பொண்ணோட அப்பா வாசல்ல கையப் பிசைஞ்சிக்கினு நின்னாரு. அவருக்கு வந்தது இருநூத்தி அம்பத்தோரு பேரு. அவரு பையனும் ரவுண்டு பண்ணி முந்நூறுன்னு சொல்லிட்டானாம். இலை சும்மா கெடக்குதேன்னு மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு. நான் நம்ம நாப்பத்தொம்பது பேரையும் ஓட்டிக்கினு போயி வரிசையா உக்காத்தி வெச்சேன். பாதாம் அல்வா ரெண்டு தபா வந்துச்சு, உன் வடையெல்லாம் கிட்ட நிக்காது. கை கழுவிட்டு வரும்போது அந்த மனுஷன் என் கையப் புடிச்சிக்கினு, "கரெக்டா முந்நூறு பேரு சார், என் புள்ள கணக்குல புலி"ன்னு அழுவுறாரு. நானும் ஆமாம்னு சொல்லிட்டு, போட்டோவுக்கு அவர் பொண்ணு பக்கத்துல நின்னுட்டு வந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு சாய்சரணே கணக்குப் போடட்டும், நானும் உன் அக்காவும் வந்துடறோம். மண்டபத்தை மட்டும் அதே தெருவுல புடி.