மாமனார் பிறந்த புயல்

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து, புயல் அடித்த வருஷம் தப்பு என்று தெரிந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘கார்த்திகைப் புயல்’ கட்டுரையை எழுதியவன் செழியன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். மிச்ச நேரமெல்லாம் கட்டுரையில் காற்புள்ளி வைப்பான், எடுப்பான். ஞாயிறன்று அது முதற்பக்கத்தில் வர இருந்தது. அதற்காகச் சரிபார்க்க வந்த சரவணகுமார் என்ற முகம் தெரியாத ஆசாமி, பழைய செய்தித்தாள் ஒன்றின் படத்தை ஒட்டி, வருஷத்தையும் மாற்றிவிட்டுக் கேட்டிருந்தார்: “புயல் அடித்தது குரோதி வருஷம். நீங்கள் அதற்கு அடுத்த விசுவாவசு என்கிறீர்கள். ஆதாரம்?”

செழியனுடைய ஆதாரம் மாமனார்தான்.

அப்பாதுரை மாமா எந்த விசேஷத்திலும் “நான் யாரு? புயல் அடிச்ச அன்னிக்குப் பொறந்தவன்!” என்றுதான் ஆரம்பிப்பார். அதுவும் மாமியார் ரேணுகாம்பாளின் ஊர் ஜனம் வந்துவிட்டால் இன்னும் சத்தமாக. அவர் ஜாதகத்தில் விசுவாவசு கார்த்திகை என்று இருந்தது. செழியன் அதையே புயலுக்கும் போட்டுவிட்டான். இப்போது புயல் ஒரு வருஷம் முந்தி என்றால் மாமாவும் ஒரு வருஷம் முந்திப் பிறந்தவர்தானே! அறுபது போன வருஷமே முடிந்துவிட்டது. ஊரையே கூட்டி, அறுபத்தொன்றில் தாலி கட்டப் போகிறார். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் நெருங்கும் சமயம், வேறு தேதிக்கு மண்டபமும் கிடைக்காது.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?” என்றாள் மனைவி ஓவியா.

“உங்கப்பா வயசு... கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்போல.”

“அவரு காதுல வுழுந்துதுன்னா உங்க மரியாதை கம்மியாயிடும். போய் வாழமரத்துக்குச் சொல்லிட்டு வாங்க.”

செழியன் வாழைமரத்துக்குச் சொல்லிவிட்டு வந்து, சத்தம் போடாமல் மறுபடி ‘விசுவாவசு’ என்று மாற்றினான். சரவணகுமார் ‘குரோதி’ ஆக்கினார். இவன் மாற்ற, அவர் மாற்ற, கடைசியில் கட்டுரையின் தலையில் ஒரு சிவப்புக் கட்டம் ஏறி உட்கார்ந்தது: ‘காலம் சர்ச்சைக்குரியது.’

‘விசுவாவசு என்று கூறுவாரும் உளர்’ என்று நைசாகச் சேர்த்துப் பார்த்தான்.

“யார் அந்த உளர்?” என்று வந்தது பதில்.

பதற்றத்தில் செழியன் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையையே படமெடுத்துப் போட்டான். அதில் கொட்டை எழுத்தில், ‘கார்த்திகைப் புயலன்று அவதரித்த அப்பாதுரை.’ போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

“அருமை! நானும் திருவண்ணாமலைதான். ஞாயிறு காலை மண்டபத்துக்கே வருகிறேன். பெரியவரையே கேட்டுவிடலாம்” என்று எழுதியிருந்தார் சரவணகுமார்.

ஞாயிறு காலை, செங்கம் ரோட்டு மண்டபம். வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, நம்ம புயலு இன்னிக்கி மொத பக்கத்துல வருதாமே! மேடைல பெரிய திரை கட்டச் சொல்லிட்டேன். தாலி கட்டறதுக்கு முந்தி நீங்கதான் போட்டுக் காட்டணும்.”

“மாமா, இப்ப எதுக்கு அதெல்லாம்...”

“சும்மா இருங்க. ரேணுகா ஊரே வந்திருக்குது. பாக்கட்டும்!”

செழியன் நழுவப் பார்த்தான். திரும்பினால் ஒல்லியாக ஒருவர், கையில் செய்தித்தாள் நகலோடு நின்றிருந்தார்.

“நீங்கதானே செழியன்? நான் சரவணகுமார். பெரியவரு எங்க?”

“வாங்க சார்! டிபன் சாப்டீங்களா? பொங்கல் சூடா இருக்கு.”

“சாப்ட்டுட்டேங்க.”

“பரவால்ல, இன்னொரு தடவ சாப்டுங்க!” என்று அவரைப் பந்திக்குத் தள்ளிவிட்டு, மாமியார் அலங்காரம் செய்துகொண்டிருந்த அறைக்கு ஓடினான். அங்கே ரேணுகாம்பாள் தனியாகப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, என்ன மன்னிச்சிடுங்க. புயல் குரோதி வருஷமே அடிச்சிடுச்சி. மாமாவுக்கு இப்ப அறுவத்தொண்ணு. எல்லாம் என் தப்பு. கல்யாணத்த நிறுத்திடலாமா?”

அழுதே விடுவான் போலிருந்தது. ரேணுகாம்பாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“கத்தாதீங்க மாப்ள. ஜாதகம் சரிதான். அவருக்கு இன்னிக்கிதான் அறுவது.”

“அப்ப புயலு?”

“அதுவும் நீங்க சொல்ற வருஷந்தான்.”

“ரெண்டும் எப்டி அத்தை சரியா இருக்கும்? மாமா புயலன்னிக்குத்தானே பொறந்தாரு?”

வெளியே மைக் கரகரத்தது. “எல்லாருக்கும் வணக்கம்! நான் யாரு? புயல் அடிச்ச அன்னிக்கு...”

ரேணுகாம்பாளுக்கு முகமெல்லாம் வெட்கம்.

“புயல்ல பொறந்தவ நாந்தான் மாப்ள, பொண்ணு ஒரு வருஷம் மூத்தவன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு, எங்க ஊர்க்காரங்க வாயத் தொறக்கறதுக்குள்ள ‘நாந்தான்’னு முந்திக்கிட்ட மனுஷன், இன்னும் என் வயச அவரு தலமேலயே தூக்கிட்டுத் திரியறாரு.”